நான் மனமாரக் கொடுத்த நோட்டு

லேமினேஷன் செய்த தாளுக்குச் சூடு ஆறும்வரை ஒரு வாடை உண்டு. இன்று காலை லோதி ரோட்டில், இசை ஆசிரியர்களுக்கான இரண்டு நாள் தொழில்நுட்பப் பயிற்சி முகாமில், அந்த வாடையோடு உங்களை என் கையில் கொடுத்தார்கள். மேல் மூலையில் மாலை போட்ட உங்கள் படம். கீழே "உருவாக்கியவர்" என்று உங்கள் பெயர். நடுவில் என் நோட்டு.

தமிழ் படிக்க வராத நம் பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் இந்தி எழுத்தில் எழுதிய தமிழ்ப் பாட்டுகள். நீட்ட வேண்டிய இடத்துக்கு நீலம், மூச்சு எடுக்கும் இடத்துக்குப் பச்சை. பயிற்சி கொடுத்தவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "சார், இந்தப் பச்சை சும்மா இல்ல. பச்சைன்னா மரம், மரம்னா ஆக்ஸிஜன். பார்த்ததும் பசங்க தானா மூச்சு எடுப்பாங்க. எவ்ளோ டீப்பா யோசிச்சிருக்காரு, பாருங்க," என்றார். பார்த்தேன். தாளின் பின்பக்கம் அந்த விளக்கம் உங்கள் நடையிலேயே அச்சாகியிருந்தது.

சரோஜினி நகர் நடைபாதைக் கடையில் பேனா வாங்க நாம் இருவரும்தான் போனோம். மூச்சுக்குச் சிவப்பு என்பது என் எண்ணம், சாலை சிக்னல் மாதிரி. கடைக்காரர் பெட்டியைக் கிளறிவிட்டு, "லால் கதம், பாயி சாப். ஹரா லே லோ," என்றார். சிவப்பு தீர்ந்துவிட்டது, பச்சைதான் இருக்கிறது. நான் தயங்கினேன். "பச்சையே வாங்கும் வே. மூச்சு விடுததுக்கு என்ன கலர் கெடக்கு?" என்றீர்கள். ஆக்ஸிஜன் அன்று பேச்சில் வரவில்லை.

பதினோரு ஆண்டுகள் ஒரே இசையறை. நான் பாட்டு, நீங்கள் கீபோர்டு. கும்பகோணத்து வழக்கப்படி நான் கடைசிவரை "சார்" என்றேன். பாளையங்கோட்டை வழக்கப்படி நீங்கள் முதல் நாளே "வே" என்றீர்கள். நோட்டு நிறைந்ததும் முதலில் உங்களிடம்தான் காட்டினேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தீர்கள்.

"இத ஒருத்தன்ட்டயும் காட்டாதீரும். எவனாவது சுட்டுட்டுப் போயிருவான். என் லேப்டாப்புல ஏத்தி வைக்கேன், பத்திரமா இருக்கும்."

பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. நான் பெயர்கூடக் கேள்விப்படாத பள்ளிகளில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

தாளின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டம். போனை அதன்மேல் காட்டினால் உங்கள் கீபோர்டு கேட்கிறது. அது மட்டும் உங்களுடையது. என் பாட்டுக்கு அடியில் நீங்கள் ஓடவிட்ட சுரங்கள் எனக்குத் தோன்றியிருக்காது. நன்றாக இருந்தது. இந்த வாக்கியத்தை எழுதப் பெரும்பாடு பட்டேன்.

"நண்பர்தானே, ரெண்டு வார்த்தை பேசுங்க சார்," என்று மேடைக்கு அழைத்தார்கள். வகுப்புக்கு எடுத்துப்போகும் மூல நோட்டு என் பையிலேயே இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "இது நான் எழுதியது" என்று சொல்லிவிடுவதென்று எழுந்தேன். மூன்றே சொல். அவர்கள் கேட்ட ரெண்டைவிட ஒன்று கூடுதல், அவ்வளவுதான்.

முன்வரிசையில் உங்கள் மனைவி. தாண்டிப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நோட்டு நீங்க எழுதுனதுன்னு எனக்குத் தெரியும். கேட்டதும் மனசாரக் குடுத்தீங்களாமே. பேரே வேண்டாம்னுட்டீங்களாமே. ஆஸ்பத்திரியில கெடக்கும்போதுகூட அவுக சொல்லிட்டே இருந்தாக, அந்த மாதிரி மனுசன் கெடைக்க மாட்டான்னு."

மைக் முன்னால் போய் நின்றேன். நோட்டு பையிலேயே இருந்தது. "அவர் கேட்டார், கொடுத்தேன்," என்றேன். கைதட்டினார்கள். உங்கள் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன், சார். அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. என்னிடம் இருந்ததை உங்கள் பெயரில் எழுதிக்கொண்டு, என்னிடம் இல்லாத பெரிய மனசு ஒன்றை என் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். மறுக்கலாம் என்றால், யாரிடம் போய் மறுப்பது?

வாசலில் மந்திர் மார்க் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை என்னை நிறுத்தினார். "சார், சின்னப் பசங்களுக்கு ஏதாவது எழுதி வெச்சிருந்தா எனக்கும் குடுங்களேன். நீங்கதான் குடுக்கற ஆளாச்சே."

இருக்கிறது. நான்கு வருட உழைப்பு, யாருக்கும் காட்டியதில்லை.

"நாளைக்குக் கொண்டு வரேம்மா," என்றேன்.