மூடி திறந்திருந்தால் சுற்றக் கூடாது

என் கோமதி அக்காவுக்கு,

நீ டெங்குவில் செத்துப்போன மறு மாதம், நம் முதலாளி உன் பேரில் ஒரு மனிதனின் வலது கையைப் பறித்தார். சந்தேகத்தில் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

ராசிபுரம் பக்கத்துக் கோழித் தீவன ஆலையை நினைவிருக்கிறதா? அங்கே தீவனம் கலக்கும் மிக்சரை ஓட்டுவது நீ எழுதிய மென்பொருள். மூடி திறந்திருந்தால் மோட்டார் சுற்றக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை வைத்தாய். யாராவது அதைக் கெடுத்தால் உடனே சிவப்பு காட்டும் டெஸ்ட் ஒன்றையும் எழுதி வைத்தாய். மூடியின் சென்சார் பழுதாகி மிக்சர் நின்றுபோக, ஆலைக்காரர் போனில் கத்தினார். சென்சாரை மாற்றச் சொல்லியிருக்க வேண்டிய முதலாளி, உன் நிபந்தனையை அழித்தார். திரை சிவந்தது.

“செவப்பு காட்டுதுங்க சார். மூடி தொறந்திருந்தாலும் சுத்துமுங்க.”

“அப்ப அந்த டெஸ்டையும் தூக்குடா.”

“நான் மாட்டேனுங்க.”

“ஏன்டா, உனக்குச் சம்பளம் நான் தர்றனா, உன்ற டெஸ்டு தருதா? நவுரு.”

அவரே தூக்கினார். பச்சை வந்தது. மாற்றிய மென்பொருளை ஆலைக்கு அனுப்பிவிட்டு டீ சொன்னார்.

நிரல் எழுதும் எடிட்டர் நாம் எதை அடித்தாலும் வாங்கிக்கொள்ளும். டிபக்கர், கேட்டால் மட்டும் நிரலை வரிவரியாக நிறுத்திக் காட்டும். கேட்காமலே ‘இது தப்பு’ என்று சொல்வது டெஸ்ட். நம் ஆபீசில் முதலாளியை எதிர்த்துப் பேசி வேலை போகாமல் இருந்தது அது ஒன்றுதான். அதையும் வெளியே அனுப்பிவிட்டார்.

எந்த வரியை யார் மாற்றினார் என்று பேரோடு பதிந்து வைக்கும் வெர்ஷன் கன்ட்ரோலும் நம்மிடம் உண்டே? ஆனால் ஆளுக்கொரு கணக்கு வீண் செலவு என்று உன் பேரில் ஒன்றே ஒன்று வாங்கி, எல்லாரையும் அதில் வேலை செய்ய வைத்தார். “என்ற பேர்ல எத்தன பேருடா பொழைக்கறீங்க?” என்று நீ சிரிப்பாய். நீ போன பிறகும் அந்தக் கணக்கு ஓடியது. செத்தவளிடமும் வேலை வாங்கினார்கள், அக்கா.

அந்த ஆலையில் கெங்கவல்லிக்காரத் தொழிலாளி ஒருவர் மூடியைத் திறந்து, மிக்சருக்குள் ஒட்டிய தீவனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மூடி திறந்திருந்தால் ஓடாது என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஓடியது.

விசாரிக்க வந்த ஆலைக்காரர்களுக்கு முதலாளி திரையைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க, கோமதின்னு போட்டிருக்குது. பாவம், புள்ள போய்ச் சேந்துட்டா. இனி யாருங்க அவளக் கேக்கறது?”

பேருக்குப் பக்கத்திலேயே தேதியும் இருந்தது. “அன்னிக்கு அக்கா உசுரோட இல்லைங்க” என்றேன். “நீ வெளிய போடா” என்றார். வந்தவர்கள் பேரைப் படித்தார்கள், தேதியைப் படிக்கவில்லை.

அந்தத் தொழிலாளியின் மனைவி ஆட்டையாம்பட்டியில் உன் வீட்டுக்கே வந்துவிட்டார். “உங்க பொண்ணு எழுதினதாலதான் எங்க வீட்டுக்காரர் கை போச்சு. நல்லா இருப்பீங்களா?” உன் அம்மா தறியை நிறுத்தினாள். பிறகு என்னிடம், “நம்ம புள்ளயா சாமி பண்ணுச்சு?” என்றாள். இல்லை என்றேன். “அப்பறம் ஏஞ்சாமி அவ பேரு இருக்குது?”

பெரியம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பும் முன்பே உன் நிபந்தனையையும் டெஸ்டையும் பழையபடி வைத்துவிட்டேன். அழித்தவர் யார் என்று மாற்றக் குறிப்பில் எழுதினேன். அவர் அதை அழித்தாலும் மற்றவர்கள் கணினியில் பிரதி இருக்கும். அந்தத் தொழிலாளியின் மனைவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். போலீசிலும் எழுதிக் கொடுத்தேன்.

“மொதலாளிக்கும் குடும்பம் இருக்குதில்ல, வுட்டுரு” என்கிறார்கள். கையை இழந்தவருக்கு இல்லையா? உனக்கு இல்லையா? விட மாட்டேன். இந்த மாவட்டத்தில் அவர் மென்பொருள் ஓடும் ஒவ்வொரு ஆலைக்கும் போவேன். மூடியைத் திறந்து சுரண்டுகிற ஒவ்வொருவரிடமும் அவர் பேரைச் சொல்வேன். உன் பேரை மீட்டு, அவர் பேரை அங்கே வைக்காமல் நான் ஓயப்போவதில்லை. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அவரிடம் நேரில் ஒன்று கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். இதைப் படிக்கட்டும் என்று மறுபடியும் கேட்கிறேன்: சார், ஆட்டையாம்பட்டிக்கு வாங்க. எங்க பெரியம்மா முன்னாடி நின்னு, ‘டெஸ்டத் தூக்கினது நான்தானுங்க’ன்னு உங்க வாயால சொல்லுங்க.

உன் பேரில் இனி ஒரு வரியும் எழுதாத,
உன் சித்தி மகன்