பெட்ரோல் பங்குக்குப் போன காற்றுப் பெட்டி

ஜூலை 9, செவ்வாய்
ரூப்ரெக்ட் ஐயா வந்துவிட்டார். ஸ்டுட்கார்ட்டில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மூச்சிரைப்புக்காரர். கோடைதோறும் நல்ல காற்றுக்காக எங்கள் மலையூருக்கு வந்து என் விடுதியில் மூன்று வாரம் தங்குவார். மாலை காட்டிலிருந்து திரும்பியவர் படியேற முடியாமல் நின்றார். "எங்க வீட்டு வாசல்ல நாள் பூரா கார்தான்மா. அங்ககூட இப்படி இரைக்கல" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஜூலை 11, வியாழன்
காட்டோரம் காற்றை அளக்கிற பெட்டியைப் பராமரிக்க வரும் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். நகரத்துக் கார்ப்புகை வெயிலில் வெந்து ஓசோன் ஆகிறதாம். வானத்தில் உயரே இருந்தால் நல்லது, மூச்சில் போனால் நெஞ்சை அரிக்குமாம். நகரத்திலேயே புதுப்புகை அதில் பாதியைத் தின்றுவிடும். மிச்சம் காற்றோடு எங்கள் மலைக்கு வருகிறது. இங்கே அதைத் தின்னப் புகை இல்லை. அதனால் பிற்பகலில் நகரத்தைவிட இங்கேதான் அதிகம்.

ஜூலை 12, வெள்ளி
வாசலில் கரும்பலகை வைத்தேன்: "காலையிலேயே நடந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் உள்ளே இருங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். ஓசோன்."

ஜூலை 15, திங்கள்
அண்ணன் கிஸ்பர்ட் வந்தான். ஊர் மேயர். ஊர் எல்லையில் "காற்றே மருந்து" என்று பலகை வைத்தவனும் அவன்தான்.
"ஊரே காத்த வித்துத்தான் சாப்பிடுது. நீ எல்லார் சோத்துலயும் மண்ணள்ளிப் போடுற."
"விக்கிற சரக்கு கெட்டிருந்தா வாங்குறவங்ககிட்ட சொல்ல வேண்டாமாண்ணா?"
பலகையை எடுக்காவிட்டால் ஊரின் விடுதிப் பட்டியலில் என் பெயர் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனான். போகட்டும்!

ஜூலை 24, புதன்
சிரிப்பதா, அழுவதா? அண்ணனின் ஆட்கள் காற்றுப் பெட்டியைக் காட்டோரத்திலிருந்து கிளப்பி, நாற்சந்தி பெட்ரோல் பங்க் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கார்கள் வரிசைகட்டி நிற்கிற இடம். புகை ஓசோனைத் தின்ன, பெட்டி காட்டுகிற எண் மளமளவென்று இறங்கிவிட்டது. காற்று நல்லது என்று காட்டுவதற்காகப் பெட்டியைப் புகைக்குள் கொண்டுபோய் வைத்த புத்திசாலிகள்! என் பலகையில் எழுத்தைப் பெரிதாக்கினேன்.

ஜூலை 30, செவ்வாய்
பட்டியலில் நான் இல்லை. இரண்டு அறை காலி. ரொட்டிக் கடையில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பயமாகத்தான் இருக்கிறது — விடுதி போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் இன்று ஊருக்குக் கிளம்பிய ரூப்ரெக்ட் ஐயா, காலையில் மட்டும் நடந்து, போன வாரம் முழுக்க நிற்காமல் படியேறினார். பலகையை அழிக்க மாட்டேன். போங்கடா.

ஆகஸ்ட் 10, சனி
ஊர்த் திருவிழா. பிற்பகல், கொளுத்துகிற வெயிலில் வாத்திய ஊர்வலம். அண்ணன்தான் டூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதுவான். என் தெரு ஏற்றத்தில் பாட்டு பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தால், டூபாவைத் தரையில் போட்டுவிட்டு என் வாசலில் உட்கார்ந்து இருமுகிறான். பின்னால் இன்னும் இரண்டு பேர். பங்க் பக்கத்துப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதாம், நல்ல காற்று என்று! உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன். 'சொன்னேனே' என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். குடித்து முடித்தவன் திறந்திருந்த ஒரு ஜன்னலைக் காட்டினான்.
"அந்த ஜன்னலையும் சாத்து, அல்முட்" என்றான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
இரண்டாம் நாள் ஊர்வலம் காலை ஆறரைக்கே பூம் பூம் என்று தெருவில் ஏறிப் போனது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கெட்டதென்று தெருவே மேயரைத் திட்டுகிறது. நான் திட்டவில்லை.