கால் அங்குலம்

18-5-86, ஞாயிறு. அரூர்.

வாடகைக் காரின் முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்கிறதென்று, இவர் காலையில் வாசலிலேயே அந்த இரண்டு சக்கரங்களும் நேராக நிற்கின்றனவா என்று அவற்றின் இடைவெளியை அளக்க ஆரம்பித்தார். வழக்கமாக டேப்பின் நுனியை இவர் பிடிப்பார், நான் அளவைப் படிப்பேன். இன்று அடுத்த தெருவிலிருந்து வந்த இவர் மாமன் மகள் சரசு டேப்பை வாங்கிக்கொண்டாள். முதலில் இவருக்குப் பேசியிருந்த பெண் அவள்தான்.

“சரசு படிச்சா அளவு தப்பவே தப்பாது” என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

அவள் போனபின், நட்டை இறுக்குமுன் இன்னொரு தரம் பார்க்க என்னைக் கூப்பிட்டார். வேண்டுமென்றே கால் அங்குலம் கூட்டிச் சொன்னேன்.

“அப்ப அவதான் தப்பாப் படிச்சிருக்கா” என்று என் அளவுக்குச் சக்கரத்தைத் திருப்பி வைத்து நட்டை இறுக்கினார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது, நாளை ஒரு பிள்ளைத்தாய்ச்சியைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதாகச் சொன்னார். வழியிலுள்ள மஞ்சவாடி மலை வளைவுகள் நினைவுக்கு வந்தன.

“நாந்தானுங்க அளவ மாத்திச் சொன்னேன். மறுபடியும் அளந்துட்டு வண்டிய எடுங்க” என்றேன்.

“ஏன்?” என்றார். ரசம் ஊற்றினேன்.

கை கழுவும்போது, “காலைல சரசுவையே வரச் சொல்றேன்” என்றார். டேப்பை எடுத்து, காலையில் அவள் கைக்கு எட்டும்படி வாசலில் வைத்தேன்.