வெல்வெட் சட்டை போட்ட கம்ப்யூட்டர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே அப்பாவும் தங்கச்சியும் சுகம், எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை. தங்கச்சிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, யாராவது சிரிப்பு மூட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். போனில் சொன்னால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் அவளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து மெயில் அடிக்கிறேன், பாதியில் மூடாமல் கடைசிவரை படி.

விஷயம் தையல் அத்தையின் கம்ப்யூட்டர். கொஞ்ச நேரம் ஓடும், தானாக அணைந்துவிடும், என்ன செய்வது என்று போன வாரம் அவள் உன்னைக் கேட்டாளே, அதுதான். நீ என்ன செய்தாய்? அது எங்கே இருக்கிறது, தொட்டால் சுடுகிறதா, சத்தம் வருகிறதா, ஒரு வார்த்தை கேட்டாயா? எடுத்த எடுப்பில் "வைரஸ் அத்தை, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்" என்றாயாம். அவள் பயந்துபோய் "என் டிசைன் எல்லாம் உள்ள இருக்கேப்பா" என்றதற்கு, "அதெல்லாம் வேற இடத்துல பத்திரமா இருக்கும், தைரியமா அமுக்குங்க" என்றாயாம். எந்த இடத்தில்? நீ பார்த்தாயா? ஊர்க்காரர்கள் உன்னைக் கம்ப்யூட்டர் டாக்டர் என்று கூப்பிடுவது தலைக்கு ஏறிவிட்டது. நாடி பிடிக்காமலே வயிற்றைக் கிழிக்கிற டாக்டர்!

அவள் நீ சொன்னபடி ஒவ்வொன்றாக அமுக்கினாள். எல்லாம் போனது. அதற்குப் பிறகும் பழையபடி அணைந்தது. உன்னைத் திரும்பக் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டிக்கு நீல வெல்வெட்டில் ஒரு சட்டை தைத்து மாட்டியிருக்கிறாள். ஓரமெல்லாம் பட்டை வைத்து, சுவிட்சுக்கு மட்டும் அழகாகக் காஜா எடுத்து, பின்னால் ஒயர் போக ஒரு கீறல். காற்று போகிற ஓட்டை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. கையை வைத்தேன், இஸ்திரிப் பெட்டி தோற்றது. "தூசி படக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்துத் தைச்சேன்டி" என்கிறாள். சட்டையைக் கழற்றி, உள்ளே அடைந்திருந்த பஞ்சையும் நூலையும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். சாயங்காலம்வரை ஓடியது, ஒரு தடவைகூட அணையவில்லை. அவளும் சிரித்தாள், "எல்லாரும் சட்டை இல்லாம ஜுரத்துல விழுவாங்க, இது சட்டை போட்டு விழுந்திருக்கு பாரு" என்று. அப்புறம் டிசைன் வைத்திருந்த இடத்தைத் திறந்தாள். காலி. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

வருகிற சனிக்கிழமைக்குள் அந்த டிசைன் படங்களை அவள் ஒரு துணிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். இத்தனை வருஷம் அடுத்தவர் வரைந்ததைத் தைத்துக்கொண்டிருந்தவளிடம், இப்போதுதான் அவளே வரைந்ததைக் காட்டச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். இதில் எனக்கு வயிறு எரிவது எது தெரியுமா, அவள் உன்னைத் திட்டவே இல்லை. "உன் பையன் எவ்வளவு பொறுமையா சொன்னான், நான்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டேன். இந்தக் கையை இனிமே நம்ப முடியாதுடி, நான் எதுவும் அனுப்பப் போறதில்ல" என்கிறாள். துணியில் மயிரிழை பிசகாமல் கத்தரி போடுகிற கை அது. உன்னைப் பெற்றபோது எனக்குக் கிட்டத்தட்ட உன் வயதுதான், நான் உள்ளே கல்லூரிப் பரீட்சை எழுத வெளியே உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள் அவள். அப்பா "விடு, சின்னப் பையன்" என்கிறார். அவருக்கும் என்னிடம் திட்டு கிடைத்தது.

நான் படித்துப் பார்த்தேன், அழித்த பிறகு மேற்கொண்டு எதையும் ஏற்றாவிட்டால் அழிந்ததில் கொஞ்சமாவது திரும்ப எடுக்க வழி உண்டாம். ஒயரைப் பிடுங்கிவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கிடைக்குமா கிடைக்காதா, எனக்குத் தெரியாது. உன் காலேஜ் சீனியர்களிடம் கேள், விவரம் தெரிந்த ஒருவனை அவளோடு பேசச் சொல், நீயாக ஊகித்து மறுபடி ஒன்றும் அமுக்கச் சொல்லாதே.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நாளைக் காலை அவளைக் கூப்பிடு. "நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க அத்தை, நான்தான் பார்க்காம சொன்னேன்" என்று உன் வாயால் சொல். நான் சொல்லிப் பார்த்தேன், பிள்ளையைக் காப்பாற்றாமல் விட்டுக்கொடுக்கிறேன் என்று என்னையே கோபிக்கிறாள். நீ சொன்னால்தான் நம்புவாள். படங்கள் ஒன்றுகூடத் திரும்பக் கிடைக்காவிட்டாலும், அந்தக் கையில் தப்பில்லை என்று தெரிந்தால் சனிக்கிழமைக்குள் நாலு படமாவது புதிதாக வரைந்துவிடுவாள்.

நன்றாக இரு, நீண்ட ஆயுளோடு இரு, கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். இருமலுக்கு மருந்தை நிறுத்தாதே. காலையில் அவள் எட்டு மணிக்கு மிஷினில் உட்கார்ந்துவிடுவாள், சத்தத்தில் போன் கேட்காது, அதற்கு முன்னால் கூப்பிடு.

உன் மேல் கோபமாக இருக்கும்
அம்மா