தண்ணீரை விட்டு எழும்பும் படகு

பேர்கன்,
நோர்வே.

என் அன்பின் ஜெயந்தா,

நீரும் வயிற்றுப் பிள்ளையும் மாதாவின் காவலில் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நல்ல சுகம்.

எங்கள் பட்டறையில் கட்டிய படகை நேற்றுக் கடலில் ஓட்டிப் பார்த்தோம். அதன் அடியில் இறக்கைகள் இருக்கின்றன. வேகம் பிடித்ததும் படகு தண்ணீரை விட்டு எழும்பும். அலைகள் கீழேயே போய்விடும். எழும்பியபோது, நம் துறையை விட்டு வெளிக்கிடும்போது செய்வதுபோல, சிலுவை போட்டுக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு இறக்கையில் மரக்கட்டை ஒன்று தட்டி, படகு தொப்பென்று விழுந்தது. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு உதட்டுக்குக் கீழே நாடியில் சின்னத் தையல்தான். வீடியோ அழைப்பில் என் முகத்தைக் கண்டால் பயப்படுவீர் என்றே கடிதம் எழுதுகிறேன்.

"படகு ஆட்டத்திலை சத்தி எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போக என்னாலை ஏலாதப்பா" என்று போன முறை கிளினிக்கை விட்டுவிட்டீராம். உமது அண்ணை றொபேட் சொன்னார். இந்தப் படகு நம் நெடுந்தீவுக்கு வந்தால் கையிலுள்ள தேத்தண்ணியும் சிந்தாது. ஆனால் அதற்குக் காலம் எடுக்கும், பிள்ளை காத்திராது. இந்த முறை பழைய படகிலேயே போய்வாரும்.

இறக்கைக்கு ஆழம் வேண்டும். கடல் வற்றும் நேரம் பார்த்து, அண்ணையைக் கொண்டு நம் துறையைப் படம் எடுத்து அனுப்பும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன். அளவு தெரிய நீரும் அந்தப் படத்தில் நில்லும். பக்கவாட்டாக நின்றால் நல்லது.

உமது,
றெக்ஷன்