குமார் மாட்டிய பெரிய டர்போ

தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

தூக்கம் வரவில்லை. வாணியம்பாடி பாய் தன் ரோட்டரி எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரை, எஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ மாட்டச் சொல்லி என் மகன் குமாரின் ஷெட்டில் விட்டிருந்தார். தினமும் ரோட்டில் ஓட்டும் வண்டி, சின்னதே போதும் என்றுதான் சொன்னார். இவன் பெரியதை மாட்டிவிட்டான்.

இன்று ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டான். மலை வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி சோம்பிக் கிடந்தது. இன்னும் மிதித்தான். வளைவு முடியும் முன்னே வேகம் மொத்தமாக வந்தது. அங்கே, மணி உதிர வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் அறுத்த கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். நான் லாரி ஓட்டிய நாளிலிருந்து தை மாதத்தில் அப்படித்தான். அவனுக்கும் தெரியும். பின்சக்கரம் வழுக்கி வண்டி சுற்றியது. செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் ஓரமாகப் பாய்ந்து விழுந்தாள். நல்லவேளை, அடி இல்லை.

"யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கத்தினாள்.

"ரோட்ல கொட்னது அவ தப்பு நைனா," என்றான் குமார். "பாய்கிட்ட வாயத் தொறக்காத."

"சின்னத மாட்டுடா. மெதுவா போறப்பவே சீரா இழுக்கும்."

"சின்னது மாட்னா எவன் என் பேரச் சொல்லுவான்?"

நாளைக் காலை பாய் மகளோடு வந்து வண்டியை எடுத்துப்போவதாக இருந்தது. அவர்கள் இறங்கிப் போகும் மலை ரோடு முழுக்கக் கொள்ளு கிடக்கிறது.

சாப்பிட்டதும் பாய்க்குப் போன் போட்டேன். "நாளைக்கு வராதீங்க பாய், வண்டி இன்னும் சரியாவல," என்றேன். திரும்பினால் வாசலில் குமார். நான் பேசியதைக் கேட்டிருப்பான். ஷெட்டுக்குப் போய் விளக்கைப் போட்டான். பெரியதைக் கழற்றும் ஸ்பேனர் சத்தம் வருமா என்று காது கொடுத்தபடியே எழுதுகிறேன். இதுவரை இல்லை.