ஸ்டார்டர் மேல் புற்றுமண்

இன்று காலை மறுபடியும் அந்தச் சத்தம். சாவியைத் திருப்பினால் ஒற்றை 'டக்'. அப்புறம் ஒன்றுமில்லை. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு விசேஷ வீட்டுக்குப் புறப்பட்டு என் மனைவி காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். விசேஷத்துக்குப் போகாவிட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் போன மாதம் டாக்டர் அவளிடம், "நெஞ்சு வலிச்சா யோசிச்சுக்கிட்டு இருக்காதீங்க, உடனே கிளம்பி வந்திருங்க" என்று சொல்லியிருக்கிறார். உடனே கிளம்புவதற்கு எங்களிடம் இருப்பது இந்தப் பழைய கார்தான். பல நாள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, நமக்கு நம்பிக்கை வந்த அன்றைக்குப் பார்த்து ஏமாற்றும் வண்டி.

நீர் இருந்திருந்தால் எதிரே உம் உரக்கடையிலிருந்து இறங்கி வந்திருப்பீர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு.

"ஏம் வே, நான் சொல்லுதத என்னைக்குத்தான் கேட்டீரு? ஸ்டார்டர் மோட்டார் போயிட்டு. ஒத்துக்கிடும்."

"போகல. எர்த் கம்பிதான். நீரு போயி உர மூடைய எண்ணும்."

"ஆமா, பெரிய இன்ஜினியரு!"

பானட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, ஸ்டார்டரை ஸ்பேனரால் தட்டுவீர். "இப்பம் போடும்" என்பீர். வண்டி உறுமிக் கிளம்பும். அப்போது ஒரு சிரிப்புச் சிரிப்பீரே, அதைத்தான் என்னால் தாங்க முடிந்ததில்லை. தட்டினால் ஓடுகிறது, ஆகவே மோட்டார்தான் கெட்டது என்பது உம் கட்சி. தட்டும்போது வேறு எதுவும் ஆடாதா என்று கேட்டேன்.

பதிலுக்கு நீர் செய்ததெல்லாம் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, கோயிலில் நோவுக்குப் பூசக் கொடுக்கும் புற்றுமண்ணைக் கொண்டுவந்து, தண்ணீரில் குழைத்து, ஸ்டார்டரைச் சுற்றி அப்பியதுதான். "நோவு இருக்க இடத்துலதான் போடணும் வே. மிச்சத்த உம்ம தலையில போடுதேன்" என்றீர் ஒருமுறை. என் மனைவி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெக்கானிக்கும் உம் கட்சிதான். "மோட்டார மாத்திருவோம் அண்ணாச்சி. இல்லன்னா வண்டியவே மாத்திருங்க" என்றான். நான் மாற்றவில்லை. யாரிடமும் படிக்காமல் நானே கழற்றிப் பூட்டித் தெரிந்துகொண்ட வண்டி இது.

இன்று விடுவதில்லை என்று இறங்கினேன். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினேன். 'டக்'கென்றதே தவிர விளக்கு மங்கவில்லை. பேட்டரியில் குறையில்லை. பாக்கி உம் மோட்டாரும் என் எர்த்தும்தான். எர்த் கம்பிக்குப் பதிலாக வேறு கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் இரும்பில் பிடித்துக்கொண்டு, மனைவியைச் சாவி போடச் சொன்னேன். வண்டி உடனே கிளம்பிவிட்டது. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது வே.

இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டார்டரை ஒட்டி எர்த் கம்பி சேரும் போல்ட்டைத் தேடினேன். காணவில்லை. நீர் அப்பிய மண் எண்ணெயோடு சேர்ந்து கட்டியாகி அதை மூடியிருந்தது. சுரண்டினேன். ஈரம் கோத்து உள்ளே ஒரே துரு. போல்ட் விரலுக்கே ஆடியது. உம் தட்டலுக்கு இத்தனை காலம் ஆடிக் கொடுத்ததும் இதுதான்.

"பாத்தியா, அவரு பண்ணின வேலைய!" என்று மனைவியிடம் காட்டினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி சரியாத்தான போட்டிருக்காக. நோவு இருந்த இடத்துலதான மண்ணு இருக்கு?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. துருவை ஏற்றியதே அந்த மண்தான். உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, கிரீஸ் தடவினேன். அதற்குப் பிறகு எத்தனை முறை திருப்பினாலும் வண்டி பிடிக்கிறது. ஜெயித்தது நான்தான். எதிரே உம் கடை ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

மார்கழியில் உம்மைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன அன்று, இதே வண்டி ஒரு திருப்பில் கிளம்பியது. வழியில் எங்கும் மக்கர் செய்யவில்லை. மேலநீலிதநல்லூர் தாண்டும்போது, "பாத்தீரா, தட்டாமலே எடுத்துட்டு" என்றீர். பிறகு நீர் பேசவில்லை. வண்டி கிளம்பாத நாளெல்லாம் என்னோடு வாதாடிவிட்டு, கிளம்பிய நாளில் போய்விட்டீர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.

"ஆயிட்டா?" என்று வீட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஆயிட்டு."

"அப்பம் இன்னும் ஏன் அங்கன இருக்கீக? வாங்க."

இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, உம்மை ஏற்றிக்கொண்டு போன அன்று ஓடியதைப் போலவே. கேட்கக் குறையொன்றும் இல்லை. அணைத்துவிட்டு இறங்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.